காலையில் ஆக்கிய சோறு மதியம் வரை தாங்குமா?
வீட்டில் இருக்கும் வயதானவர்களின் சாப்பாட்டில் கவனம் தேவை

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர், ஊரில் தனியாக இருந்த தாய்-தந்தையை அழைத்து வந்து தங்களோடு வைத்திருக்கிறார்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், டோம்பிவிலி, கல்யாண் என்று எங்கே போனாலும், பகல் நேரத்தில் வீட்டுக்குக் காவலாக இருப்பவர்கள் வயதானவர்கள்தான்.

மகனும் மருமகளும் காலை 7 மணி லோக்கல் ரெயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் 5 மணிக்கே சோறும் குழம்பும் ஆகிவிடும். டிபன் பாக்ஸ்களில் கட்டியது போக மீதி பாத்திரத்தில் மூடி வைக்கப்படும். "அத்தை, சாப்பாடு மூடி இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் புறப்பட்டு விடுவாள்.

அத்தை சாப்பிட உட்காரும்போது மதியம் 1 மணி ஆகியிருக்கும். சோறு ஆக்கி 8 மணி நேரம் ஆகிவிட்டது. தகரக் கூரை போட்ட வீட்டில், மே மாத வெயிலில், அந்த 8 மணி நேரத்தில் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பது இல்லை.

8 மணி நேரத்தில்

உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூடு எது தெரியுமா? கொதிக்கும் சூடும் அல்ல, பிரிட்ஜில் இருக்கும் குளிர்ச்சியும் அல்ல. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான். நம் வீட்டு அறையின் சூடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏற்ற சூடும் ஈரமும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகப் பெருகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 1 மணி நேரத்தில் 8 ஆகும். 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதனால்தான் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாட்களில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

"ஹாட் பாக்சில்தானே வைத்துவிட்டுப் போகிறோம்?" என்று கேட்கலாம். காலை 5 மணிக்கு ஹாட் பாக்சில் வைத்த சோறு, மதியம் 1 மணிக்குச் சூடாக இருக்காது. வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்கு விருந்து.

மறுபடி சூடு பண்ணினால்?

"சாப்பிடும்போது ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். குழம்புக்கு இது ஓரளவு உதவும். சோற்றுக்கு உதவாமல் போகலாம்.

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி இருப்பது சாதாரணம். இது வித்து போன்ற வடிவத்தில் ஒளிந்திருக்கும். சோறு வேகும்போது கூட அந்த வித்து சாவது இல்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே இருந்தால், அது முளைத்துப் பெருகி ஒருவித நஞ்சைக் கக்கும். பிறகு சோற்றைச் சூடு பண்ணினால் கிருமி சாகலாம். கக்கிய நஞ்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும்.

கையில் புண், நகக்கண்ணில் சீழ் உள்ளவர்கள் சமைத்தாலும் இதே ஆபத்து உண்டு. புண்ணில் இருக்கும் கிருமி உணவில் இறங்கி நஞ்சு கக்கும். அந்த நஞ்சும் கொதிக்கு அடங்காது. கையில் காயம் இருந்தால் நன்றாகக் கட்டுப் போட்டுக்கொண்டு சமைக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு மட்டும் ஏன்?

அதே சோற்றைச் சாப்பிட்ட மகனுக்கு ஒன்றும் ஆகாது. தாய்க்கு வயிற்றால் போகும். இதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

நாம் விழுங்கும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது வயிற்றில் சுரக்கும் அமிலம். வயதாகும்போது பலருக்கு இந்த அமிலம் குறைந்து விடுகிறது. நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் குறைவு. குடலின் அசைவும் மெதுவாகிவிடுவதால், கெட்டது உள்ளே அதிக நேரம் தங்குகிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் வயதோடு குறைகிறது. சர்க்கரை வியாதியோ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. வயதானவர்களுக்கு மூக்கும் நாக்கும் மங்கிவிடும். குழம்பு ஊசிப்போனால் மருமகளுக்கு வாசலிலேயே வாடை தெரியும். மாமியாருக்கு வாயில் வைத்தாலும் தெரியாமல் போகலாம். இத்தனைக்கும், நோய் தரும் கிருமிகள் பல, வாடையோ புளிப்போ காட்டுவதே இல்லை. "மணம் நன்றாகத்தானே இருக்கிறது" என்பது நம்பக் கூடிய சாட்சி அல்ல.

சால்மோனெல்லா போன்ற உணவுக் கிருமிகளால் நோய் வந்தது என்று பரிசோதனையில் உறுதி ஆனவர்களில், 65 வயதைத் தாண்டியவர்கள் கிட்டத்தட்ட பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலைக்குப் போகிறார்கள் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம்.

"வீணாக்கக் கூடாது"

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. அது பழக்கம்.

பஞ்சமும் ரேஷனும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புதிதாக ஆக்கியதைப் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, நேற்று மீந்ததைத் தான் சாப்பிடுவாள் பாட்டி. "எனக்கு இது போதும்" என்பாள். வீட்டிலேயே எதிர்ப்பு சக்தி குறைந்த ஆள், வீட்டிலேயே பழைய உணவைச் சாப்பிடுகிறாள்.

இதைத் தடுக்க, பாட்டியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. மீறாத அளவுக்குக் குறைத்து ஆக்குவதுதான் வழி. மீந்துவிட்டால், அதை அவர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது. கொட்ட வேண்டியது என்றால், பிள்ளைகளே கொட்டிவிட வேண்டும். பெரியவர்கள் கையில் விட்டால் அது குப்பைக்குப் போகாது, அவர்கள் தட்டுக்குத்தான் போகும்.

பழைய சோறு ஆகாதா?

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட பழைய சோறு கெடுதலா என்ற கேள்வி வரும். பழைய சோறும் மீந்த சோறும் ஒன்று அல்ல.

இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் நன்மை செய்யும் கிருமிகள் வளர்ந்து புளிப்பு உண்டாகிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வளர முடியாது. தயிர் கெடாமல் இருப்பதும், இட்லி மாவு தாங்குவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சோறு ஆறியதும் தாமதம் செய்யாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். குழாயில் கலங்கலாக வந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, "ஊரில் சாப்பிடவில்லையா?" என்று கேட்பது நியாயம் அல்ல. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்கள் ஆகியோர் பழைய சோற்றைத் தவிர்ப்பதே நல்லது.

மதியத்துக்கு என்ன வைப்பது?

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அதனால் வழி தேட வேண்டியதுதான்.

பிரிட்ஜ் உள்ள வீடாக இருந்தால், காலையில் ஆக்கியதில் ஒருவர் சாப்பாட்டை மட்டும் அகலமான, ஆழம் இல்லாத பாத்திரத்தில் போட வேண்டும். அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் சிறிது நேரம் வைத்தால் சீக்கிரம் ஆறும். வேலைக்குப் புறப்படும் முன்பே அதை பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரியவர் மதியம் எடுத்து, ஆவி பறக்கும்வரை சூடு பண்ணிச் சாப்பிட வேண்டும். ஒரு முறை சூடு பண்ணியதில் மிஞ்சினால், மறுபடி உள்ளே வைக்கக் கூடாது.

கை கால் திடமாக உள்ளவர் என்றால், ஒரு ஆழாக்கு அரிசியை எடுத்து வைத்துவிட்டால் போதும். 12 மணிக்கு அவரே சிறிய குக்கரில் வைத்துக்கொள்வார். அவருக்கும் பொழுது போகும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், தாங்கக் கூடியதை வைக்க வேண்டும். புளியும் எண்ணெயும் சேர்ந்த புளிச்சோறு தாங்கும். இட்லியும் மிளகாய்ப் பொடியும் தாங்கும். சப்பாத்தி தாங்கும். தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச்சோறு, பருப்புக் கூட்டு, பால் சேர்த்தவை, முட்டை, கறி, மீன் ஆகியவை தாங்காது.

தயிர்ச்சோறு வைப்பவர்கள், சோற்றில் பாலை நிறைய ஊற்றிப் பெயருக்குத் தயிர் விடுவது உண்டு. அது புளிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அது வெறும் பால்சோறுதான். ஆறிய சோற்றில் நல்ல புளித்த தயிரைத் தாராளமாகப் பிசைந்து வைப்பது மேல்.

ஊருக்குப் போகும்போதும் இதே கணக்குதான். மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரெயிலில் போய்ச் சேர ஒரு நாளைக்கு மேல் ஆகிறது. பெரியவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் முதல் வேளைக்கு இட்லி, அடுத்த வேளைக்குப் புளிச்சோறு என்று வைக்க வேண்டும். மூன்றாவது வேளைக்குக் கட்டிக் கொடுக்காமல் சூடாக வாங்கிக் கொடுப்பதே நல்லது.

பிரிட்ஜ் அலமாரி அல்ல

பிரிட்ஜில் வைத்தால் எத்தனை நாளும் இருக்கும் என்பது தவறு. குளிரில் கிருமி சாவது இல்லை, மெதுவாக வளர்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் வளரும். அது முதியோரைத்தான் அதிகம் தாக்கும்.

பிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி அளவுக்குக் குளிர் இருக்க வேண்டும். பொருட்களை அடைத்து வைத்தால் குளிர் பரவாது. பச்சை மீனும் கறியும் கீழ்த்தட்டில் மூடி வைக்க வேண்டும். சமைத்தவை மேல்தட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சைக் கறியின் நீர் கீழே சொட்டும். பெரியவர்களுக்கான சமைத்த உணவை மறுநாளைக்குள் முடித்துவிடுவது நல்லது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். மூடியபடி இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், கறி, மீன், சமைத்த உணவு ஆகியவற்றை நம்பக் கூடாது.

பச்சை முட்டை வேண்டாம்

உடம்புக்குத் தெம்பு என்று பெரியவர்களுக்குப் பச்சை முட்டை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆஃப் பாயில் கேட்பவர்களும் உண்டு. முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வைத்தே கொடுக்க வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் வைத்து, அடுப்பு மேலேயே இரவு முழுவதும் விட்டுவிடுவது இன்னொரு தவறு. பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் கறிக்குழம்பிலும் சூப்பிலும், காற்று இல்லாமல் வளரும் கிருமி பெருகும்.

மும்பையில் பாங்டா என்று விற்கும் அயிலை மீன், சூரை மீன் ஆகியவற்றை ஐஸ் இல்லாமல் வாங்கக் கூடாது. வெயிலில் கிடந்த இந்த மீன்களில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் கொதித்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். வேலை முடிந்து திரும்பும்போது மீன் வாங்கினால் நேரே வீட்டுக்குப் போவது நல்லது. கருவாட்டில் சிவப்புத் திட்டு இருந்தால் எறிந்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் அப்படித்தான். அதில் உள்ள நஞ்சு வறுத்தாலும் போகாது.

தண்ணீரும் பாத்திரமும்

குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வருகிறது. டிரம்மில் பிடித்து வைத்துத்தான் புழங்க வேண்டும். மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றாக ஓடும் இடங்களில் தண்ணீர் கெட வாய்ப்பு அதிகம். பெரியவர்கள் குடிக்கும் தண்ணீரைக் கொப்பளித்துக் கொதிக்கும்வரை காய்ச்சி, மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. குழாய் வைத்த பாத்திரமோ, நீண்ட பிடி உள்ள கரண்டியோ வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரத்தில் பெரியவர்களுக்குப் பற்று அதிகம். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் வைத்தால் உலோகம் கரைந்து வயிற்றைக் கலக்கும். ரசம் வைக்கும் ஈயச்செம்பு என்பது வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். காரீயம் கலந்த செம்பு என்றால் அது மெல்லக் கொல்லும் விஷம். நம்பிக்கையான இடத்தில் வாங்காத செம்பை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், அடுப்பில் வைக்க வேண்டாம்.

வடையையும் பஜ்ஜியையும் பத்திரிகைக் காகிதத்தில் மடித்துத் தருவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ம் ஆண்டிலேயே எச்சரித்தது. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூடான எண்ணெயோடு வயிற்றுக்குள் போகின்றன. பத்திரிகை படிப்பதற்குத்தான். எண்ணெய் ஒற்றி எடுப்பதற்கு அல்ல.

பெரியவர்களுக்குப் பொடி எழுத்து தெரியாது. ரொட்டி, பிஸ்கட், பால் பாக்கெட் ஆகியவற்றில் அச்சடித்த கடைசித் தேதியைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். தேதி கடந்ததை வீட்டில் வைக்கக் கூடாது.

சொல்லமாட்டார்கள்

இவ்வளவும் செய்த பிறகும் வயிற்றால் போகலாம். அப்போது பெரியவர்கள் வாய் திறப்பது இல்லை.

சால் வீடுகளில் பொதுக் கழிப்பறைதான். வரிசையில் நிற்க வேண்டும். அடிக்கடி போகக் கூச்சம். அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். மாலையில் வரும் மகனிடம் "ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசதி" என்பார்கள். உயிருக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பல சமயம் கிருமியை விட, உடம்பில் நீர் வற்றுவதே ஆளைக் கொல்லும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு.

வயிற்றால் போனால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். 1971-ம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தச் சர்க்கரை-உப்புக் கரைசலைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் கரைக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு மட்டம் தட்டிப் போட்டுக் கலக்கலாம். உப்பு கூடக் கூடாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களும் இதைக் குடிக்கலாம். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிப்பது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அது தீங்கு செய்யும். சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் மாத்திரையும், சில சர்க்கரை மாத்திரைகளும் நீர் வற்றிய நேரத்தில் ஆபத்து. தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, சிறுநீர் குறைதல், எழுந்தால் தலைச்சுற்றல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

ஒரு துண்டுக் காகிதம்

பகலில் தனியாக இருக்கும் தாய்க்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தாலும் என்ன என்று சொல்லத் தெரியாது.

மூன்று வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்து வைக்க வேண்டும். வாந்தி என்றால் உல்டி. பேதி என்றால் ஜுலாப். தலைச்சுற்றல் என்றால் சக்கர். இத்துடன் ஒரு காகிதத்தில், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மகனின் போன் நம்பர், பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர் ஆகியவற்றை இந்தியில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். இந்தி எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம்.

வீட்டுக்குத் திரும்பியதும் "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை தடவை வெளியே போனார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்றும் கேட்க வேண்டும். பெற்றவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.